காவிக்கொண்டு போனவள்

அன்றைக்கு என் காதில் தவறாக விழுந்ததா, அல்லது விழ வேண்டும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததுதான் விழுந்ததா?

இத்தனை வருடமாகியும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தத் தொடரில் சென்ற வாரம், என் மகள் பிறந்ததைச் சொல்லி, அவளுக்குப் பெயர் வைத்த நாளோடு நிறுத்தியிருந்தேன். வரிசைப்படி இந்த வாரம் நாங்கள் வேங்கிக்கால் பக்கம் வீடு மாறியதைச் சொல்ல வேண்டும். ஆனால் போன மாதம் ஒரு கடிதம் வந்தது. அதனால் வரிசையை மாற்றுகிறேன்.

நீலக் கோடு போட்ட நோட்டு

அடி அண்ணாமலைக்குப் போகிற வழியில் ஒரு நீளமான கொட்டகை. மேலே சிமெண்டு ஷீட்டு. பழைய புடவைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, குடும்பத்துக்கு ஒரு தடுப்பு என்று பிரித்திருந்தார்கள். கொழும்புக் கலவரம் நடந்த மறு வருடம் அது. அங்கிருந்து தப்பி வந்தவர்களில் கொஞ்சம் பேரை எங்கள் ஊருக்கும் அனுப்பியிருந்தார்கள்.

நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். மடியில் எட்டு மாதக் குழந்தை. முழங்காலின் மேல் நீலக் கோடு போட்ட நோட்டு. எதிரே தவமணி என்ற பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். அவள் பேசப் பேச நான் எழுத வேண்டும்.

குழந்தையை அங்கே கொண்டுபோகலாமா என்று முதல் நாள் முழுக்க யோசித்தேன். முகாமில் அம்மை போட்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். இல்லை, வெறும் வேர்க்குரு என்று இன்னொருவர் சொன்னார். பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டும் போக முடியாது. கடைசியில் ஃபிளாஸ்கில் வெந்நீரும், பாலாடையும், மாற்றுத் துணி நாலும் எடுத்துக்கொண்டு, போகும் வழியெல்லாம் தப்பு செய்கிறோமோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் எதிர்வீட்டு சரோஜா அக்கா. எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். துணி சேகரித்துக் கொடுப்போம், பால் பவுடர் வாங்கிக் கொடுப்போம். அதற்கு அவர்தான் தலைவி.

“என்னாம்மா, டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சிட்டு வீட்ல தோசை ஊத்திக்கிட்டு இருக்கிற? கையெழுத்து முத்து மாதிரி இருக்குது உனக்கு. அந்தப் பொம்பளைங்க சொல்றத எழுதிக் குடு. நோட்டீஸ் அடிக்கலாம், மனுவிலயும் வைக்கலாம்” என்றார்.

“எனக்கு அவங்க பேசறது அவ்வளவா புரியாதுக்கா.”

“தமிழ்தானேம்மா பேசறாங்க? சீனாக்காரன் பாஷையா பேசறாங்க?”

தமிழ்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தவமணி அழாமல் சொன்னாள். கொழும்பில் ஒரு சந்துக்குள் வீடு. கணவர் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். இரண்டு பெண் குழந்தைகள். கும்பல் சந்துக்குள் வந்தது, வீட்டைக் கொளுத்தியது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணின் பெயரைச் சொன்னாள். நான் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் என் குழந்தை சிணுங்கியது. நான் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அப்போது தவமணி சொன்னது இது:

“என்ர சின்னவளை அவதான் காவிக்கொண்டு போனவ. பேந்து பிள்ளை இல்லை.”

‘பேந்து’ என்றால் ‘அப்புறம்’ என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். மற்றது எனக்குத் தெரிந்த சொல்லாகவே இருந்தது. நான் கேட்டது, ‘காவு கொண்டு போனவ’.

சரியாகத்தான் கேட்டோமா என்று ஒரு கணம் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்வது கொடுமை என்று பட்டது. கேட்கவில்லை. மரியாதைக்காகத்தான் கேட்கவில்லை. அப்படித்தான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சிவப்பு மை

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

பங்களாதேஷ் யுத்தம் நடந்தபோது நான் ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ. எங்கள் ஊரில் யுத்தம் என்றால் ரேடியோவும், ஜன்னல் கண்ணாடியில் ஒட்டச் சொன்ன கறுப்புக் காகிதமும்தான். பள்ளியில் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். மகனைப் போரில் இழந்த ஒரு தாயைப் பற்றி எழுதினேன். அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. ‘யுத்தம் என்னும் அரக்கன் அவள் மகனைக் காவு கொண்டான்’ என்று எழுதியிருந்தேன். எங்கோ பேப்பரில் படித்த வரி.

தமிழ் டீச்சர் அந்த வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, ‘அருமை’ என்று ஓரத்தில் எழுதினார். ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு. ஊருக்குள் வராத யுத்தத்துக்குக் கிடைத்த டம்ளர் அது. என் மகள் இப்போது அதில்தான் பால் குடிக்கிறாள்.

முகாமிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டித் தூங்க வைத்துவிட்டு, நோட்டில் இருந்ததை நல்ல தமிழில் மாற்றி எழுதினேன். ‘எங்கள் உயிருக்குயிரான இளைய மகளை, பக்கத்து வீட்டில் வசித்த’ என்று தொடங்கி, அந்தப் பெயரை எழுதி, ‘என்னும் சிங்களப் பெண் காவு கொண்டாள்’ என்று முடித்தேன்.

வேறொன்றும் செய்தேன். வீட்டைக் கொளுத்தியவன் யார் என்று தவமணி சொல்லியிருந்தாள். சந்து முனையில் பேக்கரி வைத்திருந்தவரின் மகன். பெயரும் சொன்னாள். அது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. பேக்கரிக்காரர் மகன் என்று எழுதினால் ஏதோ தெருச் சண்டை மாதிரி இருந்தது. ‘இனவெறிக் கும்பல் ஒன்று’ என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது.

என் கணவர் படித்துப் பார்த்தார். அவர் ஒரு அலுவலகத்தில் கிளார்க். எதைப் படித்தாலும் எழுத்துப்பிழைதான் பார்ப்பார். “ஒற்றுப் பிழைகூட இல்ல” என்றார்.

தேரடியில்

கலவரம் நடந்த அதே ஆடி மாதம் மறுபடி வந்தபோது, தேரடியில் ஒரு கூட்டம் போட்டார்கள். நோட்டீஸ் அதற்குள் அச்சாகி வந்துவிட்டது. மஞ்சள் காகிதம். அச்சு மை காயாமல் விரலில் ஒட்டியது. முகாம்காரர்களை அழைத்துவந்து முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒவ்வொரு வாக்குமூலமாக வாசித்தார். தவமணியுடையது மூன்றாவது. அவருக்கு நல்ல குரல். ‘காவு கொண்டாள்’ என்ற இடத்தில் நிறுத்தி, அந்தப் பெயரை இன்னொரு முறை சொன்னார். கூட்டம் உச்சுக் கொட்டியது. என் பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, “அவ நாசமாப் போவ. அவளும் ஒரு பொம்பளையா?” என்று மண்ணை வாரித் தூற்றினாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வாக்கியம் மைக்கில் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

முன் வரிசையில் தவமணி எழுந்து நின்றாள். ஏதோ சொன்னாள். மைக் சத்தத்தில் கேட்கவில்லை. துக்கம் தாங்காமல் எழுந்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தோம். இரண்டு பெண்கள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். சரோஜா அக்கா கோலி சோடா உடைத்துக் கொண்டுபோய், “குடிம்மா, குடி. உன் வேதனை எங்களுக்குத் தெரியாதா?” என்று வாயருகே வைத்தார். தவமணி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அதையும் துக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

ஆடிக் கிருத்திகை

இரண்டு நாள் கழித்து ஆடிக் கிருத்திகை. காலையிலிருந்து தெருவில் பம்பைச் சத்தம். தவமணி அவ்வளவு தூரம் நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் மஞ்சள் நோட்டீஸ் நாலாக மடித்திருந்தது.

“வாங்கக்கா, உக்காருங்க. காபி கலக்கட்டுமா?”

“பேந்து குடிக்கலாம், தங்கச்சி. முதல்ல சொல்லுங்கோ, இது ஆரைப் பற்றி எழுதினீங்கள்?”

“நீங்க சொன்னதைத்தாங்க்கா.”

“நான் இப்பிடிச் சொன்னனானோ? அவ என்ர பிள்ளையைக் கொலை செய்தவ எண்டு நான் சொன்னனானோ?”

“காவு கொண்டு போனவனு சொன்னீங்களே?”

“ஓம். காவிக்கொண்டுதான் போனவ.”

அவள் பாயில் கிடந்த என் குழந்தையைக் குனிந்து எடுத்தாள். இடுப்பில் வைத்தாள். முந்தானையால் குழந்தையின் நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தாள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் துடைத்தாள். அவள் முகம் இருந்த நிலையில், குழந்தையை வாங்கிக்கொள்ளலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கூடத்திலிருந்து சமையலறை வரை நடந்தாள். அங்கிருந்து திரும்பி வாசற்படி வரை நடந்தாள். வேகமாக இல்லை. கடைக்குப் போகிறவள் மாதிரி.

“இப்பிடித்தான் பொட்டை அழிச்சுப்போட்டுக் காவினவ. சந்து முழுக்க வாளும் பொல்லுமாய் நிண்டாங்கள். அதுக்கு நடுவால இப்பிடி நடந்து போனவ, தன்ர பிள்ளை எண்டு. நாங்கள் அவவின்ர வீட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சிருந்தனாங்கள்.”

“குழந்தை அழலையா?”

“அம்மா, அம்மா எண்டு அழுதவள்தான். அதில பிழையில்லை. சிங்களத்திலயும் அம்மாவுக்கு அம்மாதான்.”

பத்திரமாகத் திரும்பக் கிடைத்த குழந்தை பத்து நாள் கழித்து இறந்திருக்கிறது. அகதிகளை அடைத்து வைத்திருந்த ஒரு கட்டிடத்தில், வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து. ‘பேந்து பிள்ளை இல்லை’ என்று அவள் சொன்னது அதைத்தான்.

தெருவில் பம்பைச் சத்தம் நெருங்கி வந்தது. தவமணி என் குழந்தையோடு ஜன்னல் பக்கம் போனாள். மயிலிறகு கட்டிய வில்லைத் தோளில் வைத்துக்கொண்டு மஞ்சள் வேட்டிக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

“அதென்ன, தங்கச்சி?” என்றாள், தெரியாதவள் மாதிரி.

“காவடி.”

“ஏன் அதுக்குக் காவடி எண்டு பேர்?”

பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். தோளில் சுமப்பதால் காவடி. அந்தச் சொல் நான் பிறந்ததிலிருந்து என் ஊரிலேயே இருந்திருக்கிறது. வருடா வருடம் என் வீட்டு வாசல் வழியாகப் போயிருக்கிறது. சுமப்பது என்ற பொருளை நாங்கள் காவடியோடு நிறுத்திவிட்டு, மிச்சச் சொல்லைப் பலிக்கு வைத்துக்கொண்டோம். அவர்கள் இன்னும் குழந்தையைச் சுமக்க வைத்திருக்கிறார்கள்.

தவமணி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள். சத்தம் போடவில்லை.

“காவினவளைக் கொலைகாரி ஆக்கிப்போட்டு, கொளுத்தினவனைக் கும்பல் ஆக்கிப்போட்டியள்.”

மைதா பசை

சரோஜா அக்காவிடம் ஓடினேன். அவர் கேட்டுவிட்டு, “விடு. அத்தனை பேரு செத்திருக்காங்க. இதுல ஒருத்தி பேரு மாறிப்போனா என்னா இப்ப?” என்றார்.

“காப்பாத்தினவங்கக்கா அவங்க.”

“இருக்கட்டும்மா. நல்ல சிங்களத்தியும் இருக்கானு இப்ப போயி சொன்னா, கேக்கறவனுக்கு இரக்கம் கம்மியாயிடும். பால் பவுடர் குடுக்கறவன்கூட யோசிப்பான். உனக்கு மனசாட்சி ஜாஸ்தியா இருந்தா வீட்டோட வச்சிக்க.”

அவர் கெட்டவர் இல்லை. முகாமில் ஒரு பிரசவத்துக்கு ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் அவர் சொன்னதை என்னால் ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை.

கணவர் வேறு மாதிரி பயந்தார். அதே வாக்குமூலத்தை மனுவோடு இணைத்து வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பியிருந்தோம். அப்போது எல்லாவற்றுக்கும் வேலூர்தான் போக வேண்டும். “திருத்தம் அனுப்பினா முதல்ல குடுத்தது பொய்னு ஆயிடும். உனக்கு ஒண்ணும் ஆகாது. அந்தம்மா குடும்பத்தைத்தான் சந்தேகப்படுவாங்க. அவங்களையே கேட்டுக்க” என்றார்.

கேட்டேன். தவமணி யோசிக்கவே இல்லை. “திருத்துங்கோ” என்றாள். “என்னைச் சந்தேகப்பட்டால் படட்டும். நான் ஒருநாள் திரும்பிப் போவன். அந்தச் சந்துக்குள்ள அவவின்ர முகத்தில முழிக்க வேணும்.”

நான் கெஞ்சியதில் சரோஜா அக்கா மீதமிருந்த நோட்டீஸ் கட்டைத் தூக்கிக் கொடுத்தார். “நீயே ஒட்டு, நீயே கிழி. என்னைக் கேக்காத.” மதியங்களில் நானும் தவமணியும் உட்கார்ந்து மைதா பசை காய்ச்சி, ஒவ்வொன்றிலும் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டினோம். ‘காவிக்கொண்டு போனாள் என்றால் சுமந்துகொண்டு போனாள் என்று பொருள். அந்தப் பெண் குழந்தையைக் காப்பாற்றியவர். தவறு எழுதியவருடையது.’ பேக்கரிக்காரர் மகன் பெயரையும் தவமணி எழுதச் சொன்னாள். இரண்டையும் போட்டால்தான் அது உண்மை என்றாள். எழுதினேன்.

ஏற்கெனவே ஊருக்குள் போனவற்றைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. தெரிந்த வீடுகளில் போய்க் கேட்டேன். “எந்த நோட்டீஸ்? மஞ்சளா? பாப்பா கப்பல் பண்ணிடுச்சே” என்றார்கள். ஒருநாள் கோயில் வாசல் கடையில் குங்குமம் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் மஞ்சள் காகிதம். குங்குமத்துக்குக் கீழே அந்தப் பெயர் இருந்தது. கொட்டவும் மனசு வரவில்லை, இட்டுக்கொள்ளவும் முடியவில்லை. அந்தக் குங்குமம் ரொம்ப நாள் அலமாரியில் கிடந்தது.

வேலூருக்குத் திருத்தத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். சில வாரம் கழித்து, முகாமுக்கு ஒரு அலுவலர் விசாரிக்க வருகிறார், தவமணியைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நானும் வந்து, எழுதியவள் நான், தப்பு என்னுடையது என்று சொல்வதாக வாக்குக் கொடுத்தேன்.

அன்று காலை குழந்தையின் உடம்பு சுட்டது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கணவர் ஆபீஸ் போய்விட்டார். முகாமுக்கு எடுத்துப் போனால் என்ன ஆகுமோ என்று பயம். போகவில்லை. பதினோரு மணிக்குக் குழந்தை சிரித்து விளையாடியது. தெர்மாமீட்டரில் ஒன்றுமே இல்லை.

“முதல்ல ஏம்மா பொய் சொன்ன?” என்று அந்த அலுவலர் கேட்டாராம். “நான் பொய் சொல்லேல்லை. நான் சொன்னது அவைக்கு விளங்கேல்லை” என்று தவமணி சொல்லியிருக்கிறாள். யாருக்கு விளங்கவில்லை என்று அவர் சுற்றிப் பார்த்தபோது அங்கே நான் இல்லை.

இதை அவள் குத்திக்காட்டவே இல்லை. “பிள்ளைக்கு இப்ப சுகமோ?” என்றுதான் கேட்டாள். சுகம் என்று சொன்னேன்.

அதன் பிறகும் அவள் வாரம் ஒருமுறையாவது வந்துகொண்டிருந்தாள். என் மகள் அவள் இடுப்பில்தான் பேசக் கற்றுக்கொண்டாள். ஒன்றரை வயதில் கையை நீட்டி, “காவு, காவு” என்பாள். ஒருநாள் சரோஜா அக்கா காதில் அது விழுந்துவிட்டது. “ஐயோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா பச்சப்புள்ள வாயில காவு கீவுனு வருதே! தூக்குன்னு சொல்லுடி கண்ணு, தூக்கு!”

“தூக்கு மட்டும் நல்ல சொல்லோ, அக்கா?” என்றாள் தவமணி.

சரோஜா அக்கா ஒரு நொடி முழித்தார். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவரும் என் மகளைப் பார்த்தால், “வாடி, காவட்டுமா?” என்று கேட்கத் தொடங்கினார்.

கடிதம்

இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஆனதும் கொஞ்சம் பேர் கப்பலில் திரும்பிப் போனார்கள். தவமணியின் குடும்பமும் போனது. முகவரியை என் நீலக் கோட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போனாள். அப்புறம் இரண்டு வருடம் சேதியே இல்லை.

போன மாதம் வந்தது அவள் கடிதம். கொழும்பில் உறவினர் வீட்டில் இருக்கிறார்கள். போனதும் முதல் வேலையாகப் பழைய சந்துக்குப் போயிருக்கிறாள். அவளுடைய வீடு இருந்த இடத்தில் வேறு யாரோ கார் நிறுத்துகிறார்களாம். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

எங்கள் மஞ்சள் நோட்டீஸ் அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. திரும்பிப் போன யாருடைய பெட்டியிலோ இருந்த பிரதி. சீட்டு ஒட்டாதது. தமிழ் தெரிந்த ஒருவர் அவளுக்கு வாசித்து, அர்த்தம் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டுப் பேப்பர் படிக்கிறவராக இருக்க வேண்டும். நான் எழுதிய பொருளிலேயே சரியாகச் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தில் தவமணி எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். ‘நான் சொல்லவில்லை எண்டு சொன்னேன். எழுத்தில் இருக்கிறதே எண்டு கேட்டா. தங்கச்சி, நீங்கள் இப்ப பத்திரிகையில் எழுதுகிறீர்கள் எண்டு அறிந்தேன். எழுத்தில் வந்த பழியை எழுத்தால்தான் எடுக்க வேணும். அவவின்ர பேரைப் போட்டு, நடந்ததை எழுதி, அந்தப் பத்திரிகையை எனக்கு அனுப்புங்கோ. நான் கொண்டுபோய் அவவின்ர கையில் குடுக்கிறேன்.’

பெயர் போடாமல் எழுதினால் போதாதா என்று கேட்டு உடனே பதில் போட்டேன். அங்கே இப்போது சிங்களப் பகுதிகளிலேயே தினமும் ஆட்களைக் கொல்கிறார்கள் என்று படிக்கிறேன். இந்தியச் சாமானைத் தொட்டால்கூடக் குற்றம் என்று சிங்களக் கிளர்ச்சிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டுகிறார்களாம். அப்படிப்பட்ட நேரத்தில், தமிழர்களை ஒளித்து வைத்த பெண் இவள் என்று ஒரு இந்தியப் பத்திரிகையில் பெயரோடு வந்தால் அவளுக்கு என்ன ஆகும்? முதல் தடவை அவள் பெயரை எழுதி அவளுக்குப் பழி தேடிக்கொடுத்தேன். இரண்டாம் தடவை எழுதி அதைவிடப் பெரிதாக ஏதாவது தேடிக்கொடுத்துவிட்டால்?

தவமணியின் பதில் ஒரு கார்டில் வந்தது. இரண்டே வரி. ‘அவ பயப்பிடுகிற ஆள் இல்லை. பயந்திருந்தால் அண்டைக்குக் காவியிருக்க மாட்டா.’

கார்டைப் படித்ததிலிருந்து எனக்கு வேறொரு சந்தேகம். நான் அவளுக்காகத்தான் பயப்படுகிறேனா? முகாமில் விசாரணை நடந்த அன்று காலை, குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதே பயம்தானா இதுவும்?

இந்த அத்தியாயத்தை நான்கு முறை எழுதிவிட்டேன். இரண்டு முறை அந்தப் பெயரோடு, இரண்டு முறை பெயர் இல்லாமல். பேக்கரிக்காரர் மகன் பெயரைப் போட்டும் பார்த்தேன், எடுத்தும் பார்த்தேன். நீங்கள் படிப்பது பெயர் இல்லாத பிரதி. ஆனால் பெயரைச் சொல்லி வைத்த பழி, பெயரைச் சொல்லாமல் எப்படிப் போகும்? தேரடியில் அன்று மண்ணை வாரித் தூற்றிய பூக்காரம்மா இதைப் படிக்கக் கேட்டால், யாரைப் பற்றி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கொழும்பில் அந்தக் கதவைத் திறந்து இந்தப் பக்கத்தைக் கையில் வாங்குகிறவள், இதில் தன்னைத் தேடினால் எங்கே இருக்கிறாள்?

பெயர் உள்ள பிரதி மேஜை டிராயரில் இருக்கிறது. வாசகர்களைக் கேட்கிறேன். அதை அச்சுக்குக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? அந்தக் கடல் பக்கம் இருந்து வந்தவர்களும், அங்கே இன்னும் ஆட்கள் உள்ளவர்களும் உங்களில் இருப்பீர்கள். என்னைவிட உங்களுக்குத் தெரியும். பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள்.

உங்கள் ஊரில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள். புரியாவிட்டால், இந்த முறை நான் திரும்பக் கேட்பேன்.